கேள்வி–பதில்: ஆயாவின் காபி நாக்கும் ஒன்பதாம் வகுப்பு ‘ஏ’ பிரிவும்

உளவியல் பரிசோதனையை எப்படித் திட்டமிடுவது என்று கேட்டு எழுதுங்கள் என்று சென்ற இதழில் சொல்லியிருந்தோம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து, அதாவது பழைய வட ஆற்காட்டிலிருந்து மட்டும் ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. பி.எட்., எம்.எட்., எம்.எஸ்சி. ஆய்வேட்டோடு மல்லுக்கட்டுகிறவர்கள்தான் அதிகம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

எங்கள் ஆயா காபியை ஒரு வாய் குடித்ததுமே, பாலில் டிகாஷனை ஊற்றினதா, டிகாஷனில் பாலை ஊற்றினதா என்று சொல்லிவிடுகிறார். வீட்டில் யாரும் நம்புவதில்லை. இதைப் பரிசோதனையாகச் செய்ய முடியுமா? எத்தனை டம்ளர் வேண்டும்?
— கல்லூரி மாணவி, சத்துவாச்சாரி

தாராளமாகச் செய்யலாம். 8 டம்ளர் வேண்டும். பரிசோதனை வடிவமைப்பின் தந்தை என்று சொல்லப்படும் ரொனால்ட் ஃபிஷர், 1935-ல் வந்த தன் நூலில் இதே சிக்கலைத்தான் எடுத்து அலசினார். அங்கே காபிக்குப் பதில் டீ. கோப்பையில் முதலில் விழுந்தது பாலா டீயா என்று தனக்குத் தெரியும் என்றார் ஒரு அம்மையார்.

நான்கு டம்ளரில் பால் முதலில், நான்கில் டிகாஷன் முதலில். நான்கும் நான்கும் என்பதை ஆயாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எது எப்போது வரும் என்பதை மட்டும் சொல்லக் கூடாது. நீங்களும் அதை யோசித்து முடிவு செய்யாதீர்கள். எட்டு சீட்டு எழுதிக் குலுக்கி, வந்த வரிசையைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மனிதர் யோசித்துப் போடும் வரிசையில் ஒரு ‘மாற்றி மாற்றி’ வந்துவிடும். எண்பது வயது ஆயா அதைப் பிடித்துவிடுவார்.

அளவு: டம்ளருக்கு 30 மில்லி பால், 10 மில்லி டிகாஷன். மொத்தம் 240, 80. ஒரு வாய் பருகத்தான், வயிறு நிறைய அல்ல. ஃபில்டரில் முதலில் இறங்கும் டிகாஷன் கெட்டி, இரண்டாவது நீர்த்தது. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கலக்கிவிட்டு, பிறகுதான் அளக்க வேண்டும். பாலை அடுப்பிலேயே வைத்திருந்தால் எட்டாவது டம்ளர் போடுவதற்குள் சுண்டிவிடும். வடிகட்டி ஃபிளாஸ்கில் ஊற்றி வையுங்கள். நான்கு டம்ளரை ஒரு விதமாகப் போட்டு வைத்துவிட்டு அடுத்த நான்கைப் போட்டால், ஆயா கண்டுபிடிப்பது சூட்டைத்தான். ஒவ்வொன்றாகக் கலந்து, கலந்து ஒரு நிமிடத்தில் கொடுங்கள். எல்லாவற்றையும் ஸ்பூனால் ஐந்து சுற்றுச் சுற்றுங்கள். இல்லாவிட்டால் நுரையே காட்டிக்கொடுக்கும். ஊற்றும் சத்தம் காதில் விழாத இடத்தில் ஆயா உட்காரட்டும். கலக்குகிறவர் ஒருவர், கொண்டுபோய்க் கொடுக்கிறவர் வேறொருவர். கொடுக்கிறவருக்கு எது என்ன என்று தெரியக் கூடாது. இடையிடையே வாய் கொப்பளிக்க வெந்நீர். எட்டும் முடியும்வரை சரி, தப்பு என்று யாரும் வாய் திறக்கக் கூடாது.

ஏன் எட்டு? எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவருக்கு எட்டும் சரியாக விழ 70-ல் ஒரு வாய்ப்பு, அதாவது 1.4 விழுக்காடு. ஆறு டம்ளர் என்றால் 20-ல் ஒன்று. நான்கு டம்ளர் என்றால் 6-ல் ஒன்று, இதை யாரும் மதிக்க மாட்டார்கள். எட்டில் ஆறு சரியாகச் சொன்னால் வீட்டில் கைதட்டுவார்கள். ஆனால் கணக்குப் போட்டால், ஆறு அல்லது அதற்கு மேல் சரியாக வருவது வெறும் ஊகத்திலேயே 70-ல் 17 தடவை நடக்கும், கிட்டத்தட்ட நான்கில் ஒரு முறை. ஆகவே, ‘எட்டும் சரி என்றால்தான் ஒப்புக்கொள்வோம்’ என்று காபி கலக்குவதற்கு முன்பே எழுதி வையுங்கள்.

ஆயா தோற்றால்? அவரால் முடியாது என்று நிரூபணமாகிவிடாது. பத்துக்கு ஒன்பது முறை சரியாகச் சொல்லக்கூடியவரும் எட்டில் ஒன்றைத் தவறவிடலாம், ஒன்று தவறினால் இந்த முறையில் தானாகவே இரண்டு தப்பு. இந்தச் சோதனை அவ்வளவு கறாரானது. மூன்று நாள் திரும்பச் செய்யலாம். ஆனால் மூன்று நாள் என்பதை முதல் நாளுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். ஜெயிக்கும்வரை ஆடிக்கொண்டே இருப்பது தாயக்கட்டைக்குச் சரி.

ஒன்பதாம் வகுப்பு ‘ஏ’ பிரிவுக்கு மனவரைபட முறையில் (கருத்துகளைக் கிளை கிளையாகப் படம் வரைந்து காட்டுவது) அறிவியல் நடத்தினேன். ‘பி’ பிரிவுக்கு வழக்கமான முறை. நான்கு வாரம் கழித்து வைத்த தேர்வில் ‘ஏ’ பிரிவின் சராசரி மூன்று மதிப்பெண் கூடுதல். டி-சோதனையிலும் தேறிவிட்டது. ஆனால் வழிகாட்டி, ‘இது பரிசோதனையே இல்லை’ என்கிறார். என்ன குறை?
— பி.எட். மாணவர், காட்பாடி

உங்கள் வழிகாட்டி சொல்வது சரி. நீங்கள் வந்து சேர்ந்த முடிவுக்கு வேறு எந்த வழியாக வந்திருக்க முடியும் என்று கேட்டுப் பாருங்கள். பல பள்ளிகளில் ‘ஏ’ என்றால் ஆங்கில வழி, ‘பி’ என்றால் தமிழ் வழி. சில இடங்களில் எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்தே பிரித்திருப்பார்கள். ‘ஏ’வுக்கு அறிவியல் காலை இரண்டாவது பீரியட், ‘பி’க்குச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று அட்டவணை இருந்திருக்கலாம். சிமென்ட் ஷீட் கூரைக்குக் கீழே வேலூர் வெயிலில் பிற்பகல் இரண்டரை மணிக்கு எந்த முறையில் நடத்தினாலும் பாதி வகுப்பு தூங்கும். ‘ஏ’வுக்கு நீங்களே பாடம் எடுத்து, ‘பி’க்கு வழக்கமான ஆசிரியர் எடுத்திருந்தால் இன்னும் ஒரு முடிச்சு. முறை, பிரிவு, நேரம், ஆசிரியர் நான்கும் ஒரே கயிற்றில் கட்டிக் கிடக்கின்றன. கூடுதலாக வந்த மூன்று மதிப்பெண் இதில் எதனுடையது என்று டி-சோதனைக்குத் தெரியாது. வித்தியாசம் தற்செயலா இல்லையா என்பதைத்தான் அது சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

செய்திருக்க வேண்டியது சமவாய்ப்பு ஒதுக்கீடு. இரண்டு பிரிவுப் பிள்ளைகளையும் ஒரே பட்டியலில் போட்டு, சீட்டுக் குலுக்கி, பாதிப் பேரைச் சோதனைக் குழுவிலும் (புது முறை) மீதிப் பேரைக் கட்டுப்பாட்டுக் குழுவிலும் (பழைய முறை) சேர்ப்பது. கெட்டிக்காரர், மந்தமானவர், டியூஷன் போகிறவர், காலைச் சாப்பாடு இல்லாமல் வருகிறவர் எல்லாரும் இரண்டு பக்கமும் ஏறத்தாழச் சமமாக விழுவார்கள். நாம் அளக்க நினைக்காத குணங்கள்கூட அப்படிப் பிரிந்துவிடும் என்பதுதான் இதன் பலம். இதைச் சமவாய்ப்பு மாதிரித் தேர்வோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மாவட்டத்திலிருந்து யாரைப் பொறுக்குவது என்பது மாதிரித் தேர்வு, பொறுக்கியவர்களை எந்தக் குழுவில் போடுவது என்பது ஒதுக்கீடு. காரண காரியம் பேச இரண்டாவதுதான் கட்டாயம்.

குலுக்கலில் நடக்கும் தவறுகளும் பழகியவைதான். வருகைப் பதிவேட்டில் ஒன்று விட்டு ஒன்று எடுப்பது குலுக்கல் ஆகாது. அடுத்தவர் எந்தக் குழு என்று முன்பே தெரிந்துவிடுவதால், ‘இவனை அந்தப் பக்கம் தள்ளிவிடலாமே’ என்று கை தானாகவே போகும். ‘முதல் முப்பது பேர், அடுத்த முப்பது பேர்’ என்பது அதைவிட மோசம். ஆண்கள் பெயரை முன்னாலும் பெண்கள் பெயரைப் பின்னாலும் எழுதும் பதிவேட்டில் ஒரு குழு முழுக்க ஆண்களாகிவிடும். குழு சிறியது என்றால் எங்கள் சிபாரிசு இது: முன்தேர்வு வைத்து மதிப்பெண்ணை இறங்கு வரிசையில் எழுதுங்கள், மேலிருந்து இரண்டிரண்டு பேராக ஜோடி கட்டுங்கள், ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு நாணயம் சுண்டுங்கள். தலை விழுந்தால் முதல் பெயர் சோதனைக் குழுவுக்கு, பூ விழுந்தால் இரண்டாவது பெயர்.

தலைமை ஆசிரியர் பிரிவைக் கலைக்க விட மாட்டார் என்பது எங்களுக்கும் தெரியும். அப்போது இருக்கிற பிரிவுகளை வைத்துக்கொண்டே ஒரு நல்ல வழி உண்டு. ஒன்றையொன்று சாராத இரண்டு பாடங்களை எடுத்துக்கொள்ளுங்கள், ஒளி ஒன்று, விலங்குலகம் ஒன்று என்பதுபோல. ஒளிப் பாடத்தை ‘ஏ’வுக்குப் புது முறையிலும் ‘பி’க்குப் பழைய முறையிலும் நடத்துங்கள். விலங்குலகத்தைத் திருப்பிப் போடுங்கள், ‘பி’க்குப் புதிது, ‘ஏ’வுக்குப் பழையது. இரண்டு பிரிவுக்கும் நீங்களே பாடம் எடுங்கள். முதல் பாடத்தில் ‘ஏ’வும் இரண்டாம் பாடத்தில் ‘பி’யும் முந்தினால், ‘ஏ பிரிவு நல்ல பிரிவு’ என்ற விளக்கம் அங்கேயே விழுந்துவிடும். ஒரு தேர்வுத்தாள் மற்றதைவிடக் கடினமாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரே பாடத்துக்குள்தானே ஒப்பிடுகிறோம். எந்தப் பிள்ளைக்கும் எதுவும் கிடைக்காமல் போகவில்லை என்பதால் பெற்றோரும் கேள்வி கேட்க மாட்டார்கள். இதற்குப் பெயர் பரிசோதனை அல்ல, பகுதிப் பரிசோதனை. ஆய்வேட்டின் தலைப்பிலேயே அப்படி எழுதிவிடுங்கள்.

விடைத்தாளில் பெயரை மடித்து ஒட்டி, இரண்டு பிரிவுத் தாள்களையும் கலந்து, வேறு ஒருவரிடம் திருத்தக் கொடுப்பதையும் மறக்காதீர்கள்.

சாரா மாறி, சார்ந்த மாறி இரண்டும் எனக்கு எப்போதும் இடம் மாறிவிடுகின்றன. சுலபமாக நினைவில் வைக்க வழி?
— எம்.எட். மாணவி, வாலாஜாபேட்டை

ஆய்வில் நீங்கள் மாற்றுவது, அதாவது திருகுகிற குமிழ், சாரா மாறி. அதனால் மாறுவது, அதாவது அசைகிற முள், சார்ந்த மாறி. அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில் இருப்பதுதான் பெரிய சிக்கல். ‘பாட்டுக் கேட்டுக்கொண்டு படித்தால் கவனம் சிதறும்’ என்று கருதுகோள் எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பாட்டு, எவ்வளவு சத்தம், கவனத்தை எதால் அளப்பது? இப்படி இறக்கி எழுத வேண்டும்: ‘தமிழ்ச் சொற்கள் உள்ள பாட்டு, ஹெட்போனில், எல்லாருக்கும் ஒரே அளவு சத்தத்தில். ஒரு பக்க அச்சுத்தாளில் வரும் ‘க’ எழுத்தை எல்லாம் 3 நிமிடத்தில் அடித்துக்கொண்டே போக வேண்டும். விட்டுப்போன ‘க’ எத்தனை, தவறாக அடித்தது எத்தனை.’ இரண்டையும் எண்ணுங்கள். விட்டதை மட்டும் எண்ணினால், கண்ணில் பட்டதை எல்லாம் அடித்துத் தள்ளுகிறவர் முதல் பரிசு வாங்கிவிடுவார். கட்டுப்பாட்டுக் குழுவும் ஹெட்போன் மாட்டியிருக்க வேண்டும், பாட்டு இல்லாமல். இல்லையென்றால் காது அடைத்த எரிச்சலும் பாட்டின் கணக்கில் சேர்ந்துவிடும்.

இன்னொன்று, ஆண்-பெண், நகரம்-கிராமம், வயது இவற்றை நீங்கள் யாருக்கும் ஒதுக்கித் தர முடியாது. அவற்றை வைத்து ஒப்பிடுவது ஒப்பீட்டு ஆய்வு. அதில் தவறில்லை, ஆனால் ‘விளைவு’ என்ற சொல்லைத் தலைப்பில் போடாதீர்கள்.

பின்னணிச் சத்தம் வாசிப்பைப் பாதிக்கிறதா என்று பார்க்கிறேன். அமைதி, தறிச் சத்தம், பேருந்துச் சத்தம், பேச்சுச் சத்தம் என நான்கு நிலை. ஒரே ஆட்களை நான்கிலும் வாசிக்கவைத்தால் குறைந்த ஆட்கள் போதும் என்கிறார் நண்பர். செய்யலாமா?
— எம்.எஸ்சி. உளவியல் மாணவர், குடியாத்தம்

நண்பர் சொல்வது உண்மை. ஒவ்வொருவரும் தனக்குத் தானே ஒப்பீடு ஆவதால், வேகமாக வாசிக்கிறவர், மெதுவாக வாசிக்கிறவர் என்ற பெரிய வேறுபாடு கணக்கிலிருந்து கழன்றுவிடும். அதற்குக் கொடுக்கும் விலை, வரிசை. முதல் வாசிப்பில் பழக்கம் இருக்காது, நான்காவதில் களைப்பு. முந்தைய நிலையின் எச்சம் அடுத்ததில் ஒட்டிக்கொண்டு வருவது இன்னொரு தொல்லை. ஆற்காடு மக்கன் பேடாவைத் தின்றுவிட்டு உடனே காபி குடித்துப் பாருங்கள், சர்க்கரை போட்ட காபியும் கசக்கும். தறிச் சத்தத்துக்கு அடுத்து வரும் அமைதியும் அப்படித்தான், வழக்கத்தைவிட அதிக அமைதியாகத் தோன்றும்.

எல்லாருக்கும் ஒரே வரிசை கொடுத்தால் கதை முடிந்தது. நான்கு நிலைக்கு 24 வரிசைகள் உண்டு. 24 பேர், 48 பேர் கிடைத்தால் அத்தனையும் பயன்படுத்தலாம். கிடைக்காவிட்டால் கீழே உள்ள நான்கு வரிசைச் சதுரம் போதும் (அமைதி அ, தறி ஆ, பேருந்து இ, பேச்சு ஈ):

அ – ஆ – ஈ – இ
ஆ – இ – அ – ஈ
இ – ஈ – ஆ – அ
ஈ – அ – இ – ஆ

விரல் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு நிலையும் முதலில், இரண்டாவதாக, மூன்றாவதாக, நான்காவதாக ஒரு முறை வருகிறது. அதோடு ஒவ்வொன்றும் மற்ற மூன்றுக்கும் அடுத்ததாக ஒவ்வொரு முறை வருகிறது. அ, ஆ, இ, ஈ என்று ஓரெழுத்தாக உருட்டி எழுதும் சாதாரணச் சதுரத்தில் இந்த இரண்டாவது குணம் இருக்காது. அதில் ஆ எப்போதும் அ-வுக்குப் பின்னால்தான் வரும், அல்லது வரிசையின் தொடக்கத்தில் நிற்கும். ஆட்களின் எண்ணிக்கை 4-ன் மடங்காக இருக்கட்டும். மூன்று நிலைகள் என்றால் சதுரம் தேட வேண்டாம், ஆறு வரிசையையும் பயன்படுத்துங்கள்.

வாசிக்கும் பத்திகளையும் சுழற்ற வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நான்கு பத்தி தேவை. ‘ஏரி’ பற்றிய பத்தி எப்போதும் தறிச் சத்தத்தோடே வந்தால், பத்தியின் கடினமும் சத்தமும் பிரிக்க முடியாதபடி கலந்துவிடும்.

ஒரு நிலையில் கற்றதை மறக்க முடியாது என்றால் இந்த முறை கூடாது. மனப்பாட உத்தி ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிட்டு, ‘இப்போது அது இல்லாமல் படி’ என்றால் யாராலும் முடியாது. அங்கே தனித்தனி ஆட்கள்தான்.

நினைவாற்றல் பயிற்சி என்று ஒரு முகாம். தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளைப் பொறுக்கிப் பத்து நாள் பயிற்சி கொடுத்து, மறுபடி தேர்வு வைத்தார்கள். பெரும்பாலோர் முன்னேறிவிட்டார்கள் என்று நோட்டீஸ். நம்பலாமா?
— ஒரு தந்தை, ஆரணி

நோட்டீஸில் உள்ள எண் பொய் என்று சொல்லவில்லை. பயிற்சியே கொடுக்காமல் பத்து நாள் சும்மா விட்டிருந்தாலும் அவர்களில் பலர் முன்னேறியிருப்பார்கள் என்பதுதான் சங்கதி. ஒரு நாள் வாங்கும் மதிப்பெண்ணில் திறமையும் உண்டு, அன்றைய நேரமும் உண்டு. காய்ச்சல், தூக்கமின்மை, படிக்காத பக்கத்திலிருந்து வந்த கேள்வி. அடிமட்டத்தில் இருப்பவர்களை மட்டும் பொறுக்கினால், அன்று நேரம் சரியில்லாதவர்கள் அதில் கூடுதலாகச் சேர்ந்திருப்பார்கள். அடுத்த தேர்வில் அந்தக் கெட்ட நேரம் அப்படியே திரும்ப வராது, சராசரி தானாக ஏறும். பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் ஒப்பிட்டு ஆங்கில அறிஞர் கால்டன் 1886-ல் காட்டியது இதைத்தான். சராசரி நோக்கிய பின்னடைவு என்று பெயர். மேல்மட்டத்தில் உள்ளவர்களைப் பொறுக்கி மறுதேர்வு வைத்தால் அவர்கள் சராசரி இறங்கும். (குறைந்தவர்களைத் திட்டினால் ஏறுகிறார்கள், நிறைய வாங்கினவர்களைப் பாராட்டினால் கெட்டுப்போகிறார்கள் என்று நம்பும் ஆசிரியர்கள் பார்ப்பதும் பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்கத்தைத்தான். திட்டுக்கு அதில் பங்கில்லை.) ஒரே கேள்வித்தாளை இரண்டு முறை கொடுத்திருந்தால் பழக்கத்தின் பங்கு வேறு.

சரியாகச் செய்வது ஒன்றும் கடினமில்லை. கடைசி 40 பேரை எடுத்துக் குலுக்கி, 20 பேருக்கு இப்போது பயிற்சி, 20 பேருக்கு அடுத்த மாதம். இரண்டாம் தேர்வை 40 பேரும் ஒரே நாளில் எழுதட்டும். நல்ல நேரம், கெட்ட நேரம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி திரும்பும். காத்திருந்த 20 பேரைவிடப் பயிற்சி பெற்ற 20 பேர் எவ்வளவு கூடுதல் என்பதுதான் பயிற்சியின் பங்கு. பணம் கட்டுவதற்கு முன் அந்த எண்ணைக் கேளுங்கள்.

ஒரு குழுவுக்கு 30 பேர் போதும் என்கிறார்கள் சிலர். 100 வேண்டும் என்கிறார்கள் சிலர். எது சரி?
— ஆய்வாளர், ஆம்பூர்

எவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டு குழுச் சராசரிகளின் வித்தியாசத்தைத் திட்டவிலக்கத்தால் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) வகுங்கள். திட்டவிலக்கம் 5 மதிப்பெண், எதிர்பார்க்கும் வித்தியாசம் 2.5 என்றால் விளைவளவு 0.5. உளவியலாளர் ஜேக்கப் கோயன் இதை நடுத்தரம் என்றார், 0.2 சிறியது, 0.8 பெரியது. வழக்கமான 5 விழுக்காட்டு அளவுகோலில் (விளைவே இல்லாதபோது இருப்பதாக ஏமாற 5 விழுக்காடுதான் வாய்ப்பு), விளைவு உண்மையிலேயே இருந்தால் 80 விழுக்காடு பிடிபட வேண்டும் என்றால், குழுவுக்கு இத்தனை பேர் தேவை: 0.8-க்கு 26, 0.5-க்கு 64, 0.2-க்கு 393. விளைவு பாதியானால் ஆட்கள் நான்கு மடங்கு ஆவார்கள் என்று நினைவில் கொள்ளுங்கள்.

30 பேரை வைத்துக்கொண்டு நடுத்தர விளைவைத் தேடினால் அது கையில் சிக்க ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்புதான். நாணயம் சுண்டுவதற்கு எதற்கு ஆறு மாத ஆய்வு? ஒரே ஆட்களை இரண்டு நிலையிலும் சோதித்தால், நிலைகளுக்கிடையிலான வித்தியாசங்களை வைத்துக் கணக்கிடும் 0.5-க்கு 34 பேர் போதும். ஜி-பவர் என்ற இலவச மென்பொருளில் உங்கள் எண்களைப் போட்டுப் பார்க்கலாம். இடையில் பத்தில் ஒருவர் கழன்றுகொள்வார் என்று வைத்துக் கூடுதலாகச் சேருங்கள், 64 வேண்டும் என்றால் 72-ல் தொடங்குங்கள்.

இது வெறும் சம்பிரதாயம் அல்ல. உளவியலில் வெளியான 100 ஆய்வுகளைப் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து திரும்பச் செய்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல் சோதனையில் ‘தேறியவை’. திரும்பச் செய்ததில் தேறியது 36 விழுக்காடு. சிறிய குழுக்களில் தற்செயலாகப் பெரிதாக வந்த எண்கள் மட்டும் அச்சேறியது அதற்கு ஒரு காரணம்.

சோதிக்கிறவருக்கே யார் எந்தக் குழு என்று தெரியக் கூடாதாம். நான் நேர்மையாகத்தானே செய்கிறேன்?
— பள்ளி ஆலோசகர், ராணிப்பேட்டை

நேர்மைக்கும் இதற்கும் தொடர்பில்லை. பெர்லினில் வான் ஆஸ்டன் என்ற கணக்கு வாத்தியார், ஹான்ஸ் என்ற தன் குதிரை கூட்டல் கழித்தல் போடுகிறது என்று காட்டினார். விடையைக் குளம்பால் தட்டிச் சொல்லும். அவர் காசும் வாங்கவில்லை, ஏமாற்றவும் இல்லை. உளவியலாளர் ஆஸ்கர் ஃபங்ஸ்ட் சோதித்து 1907-ல் காட்டியது இது: கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியாது. கேட்பவர் முகம் தெரியாமல் மறைத்தாலும் தெரியாது. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலை, அவரே அறியாமல், துளி நிமிரும். குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தும். 1963-ல் உளவியல் ஆய்வாளர்கள் ரோசன்தாலும் ஃபோடும் சாதாரண எலிகளை 12 மாணவர்களுக்கு ஆளுக்கு ஐந்தாகக் கொடுத்து, பாதிப் பேரிடம் ‘இவை கெட்டிக்கார எலிகள்’ என்றும் மீதிப் பேரிடம் ‘மந்தமானவை’ என்றும் சொல்லிவைத்தார்கள். ‘கெட்டிக்கார’ எலிகளே புதிர்ப்பாதையில் முந்தின.

எலிக்கே அப்படி என்றால், பிள்ளைகள் உங்கள் முகத்தை எவ்வளவு படிப்பார்கள்! குலுக்கிப் பட்டியல் போடுகிறவர் ஒருவர், சோதிக்கிறவர் வேறொருவர். உறையின் மேல் எண் மட்டும் இருக்கட்டும். அறிவுரையை அச்சடித்து வைத்துக்கொண்டு எல்லாருக்கும் அதே சொற்களில் வாசியுங்கள், ‘நல்லா பண்ணு கண்ணு’ என்று சேர்க்காமல். நேரத்தை வாயால் சொல்லாமல் மணி அடிக்கவிடுங்கள். ஆலோசனை தருவதுபோன்ற பயிற்சியில் தருகிறவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. அங்கே அளக்கிறவருக்காவது தெரியாமல் இருக்கட்டும்.

பள்ளியில் தலைமை ஆசிரியர் கையெழுத்து வாங்கினால் போதாதா? ஒவ்வொரு பெற்றோரிடமும் போக வேண்டுமா?
— வாணியம்பாடி வாசகர்

போக வேண்டும். தலைமை ஆசிரியர் தருவது பள்ளிக்குள் வர அனுமதி. பிள்ளைக்காக ஒப்புதல் தரும் உரிமை பெற்றோருடையது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி அதோடு பிள்ளையின் இசைவும் வேண்டும், 7 வயதிலிருந்து வாய்மொழியாக, 12-க்கு மேல் எழுத்தில். ‘இஷ்டமில்லை’ என்று சொல்லும் பிள்ளையை அப்பாவின் கையெழுத்தைக் காட்டி உட்காரவைக்கக் கூடாது. நெறிமுறைக் குழுவின் அனுமதி தொடங்குவதற்கு முன் வாங்க வேண்டியது. ஆய்வு முடிந்த பிறகு யாரும் தர மாட்டார்கள்.

எல்லாம் முடிந்து பார்த்தால், கட்டுப்பாட்டுக் குழுவில் இரண்டு பேர் மட்டும் மிக அதிகமாக வாங்கியிருக்கிறார்கள். அவர்களை நீக்கினால் முடிவு அழகாக வருகிறது. நீக்கலாமா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகர், சோளிங்கர்

கூடாது. பெயர் வேண்டாம் என்று நீங்கள் எழுதியதிலேயே பதில் உங்களுக்குத் தெரியும் என்று தெரிகிறது. சோதனைக் குழுவில் இரண்டு பேர் அப்படி வாங்கியிருந்தால் நீக்கத் தோன்றியிருக்குமா?

நீக்கும் விதியை எண்களைப் பார்ப்பதற்கு முன் எழுத வேண்டும், இரண்டு குழுவுக்கும் ஒன்றாக. பொத்தான் அழுத்தும் சோதனையில் 100 மில்லிசெகண்டுக்குக் குறைவான பதில்களைத் தள்ளுவோம் (அவ்வளவு வேகமாக அழுத்தினால் பார்த்து அழுத்தியதாக இருக்காது, ஊகித்து அழுத்தியது), பாதியில் கரண்ட் போன அமர்வைத் தள்ளுவோம் என்பதுபோல. உங்களிடம் அப்படி விதி இல்லாததால் இருவரையும் வைத்துக்கொண்டே கணக்கிட்டு அதையே முதன்மை முடிவாகக் கொடுங்கள். அவர்கள் இல்லாமல் வரும் எண்ணை அதன் கீழே, நீக்கிப் பார்த்தது என்று சொல்லிப் போடலாம்.

அதற்கு முன் அந்த இருவரிடமும் பேசிப் பாருங்கள். விடுதிப் பள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள். சோதனைக் குழு நண்பனின் நோட்டை ராத்திரி வாங்கிப் படித்திருக்க நிறைய வாய்ப்பு. அப்படியானால் குறைகள் பகுதியில் அதை நான்கு வரி எழுதுங்கள். அடுத்த முறை பயிற்சித் தாள்களை மாணவரிடம் விடாமல், வகுப்பு முடிந்ததும் எண்ணி வாங்கிப் பூட்டி வையுங்கள்.